ஆணியில் தொங்கிய சாட்சி

அத்தியாயம் 9

ஸ்கூட்டர் மூன்றாவது முறையாக நின்றது. கள்ளிக்குப்பம் இன்னும் அரை மைல் தொலைவில் இருந்தது. கைக்கடிகாரம் இரண்டரையைக் காட்டியது. இவ்விரண்டில் எதை அதிகம் வெறுப்பது என்று ஜானகிராமனுக்குத் தெரியவில்லை.

"இறங்கு," என்றான்.

"எறங்கித்தான் கீறேன் வாத்தியாரே," என்றான் துலுக்கானம். "இது நிக்கறதுக்கு முன்னாலயே என் காலு எறங்கிடுது. பழகிப்போச்சு."

துலுக்கானம் முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவன். வாயை மூடத் தெரியாத குற்றத்துக்காக அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, ஏறக்குறைய அதே தகுதியின் பேரில் ஜானகிராமனிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். வண்டியைத் தள்ளும்போதும் அவன் வாய் ஓயவில்லை.

"இதுக்கு ஒரு மிக்சர் ஊத்திப் பாக்கலாமா? கள்ளிக்குப்பத்து மிக்சர் வேணாம். வண்டி போய்ச் சேந்துடும்."

ஜானகிராமன் சிரிக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மருந்தாளர் கவுன்சில் கூடவிருந்தது. பூந்தமல்லி ஹபிபுல்லாவின் பெயரைப் பதிவேட்டில் வைத்திருப்பதா, அடித்துவிடுவதா என்பது அங்கே தீர்மானமாகும். அடித்துவிட்டால், பதினாறு ஆண்டுகளாக மருந்து கலந்த அந்த மனிதர் இனி ஒரு புட்டியைக்கூடத் தொட முடியாது.

வழக்கு இதுதான். பத்து நாட்களுக்கு முன்பு, கள்ளிக்குப்பத்தில் பக்தவத்சலம் என்பவரின் மருந்துக் கடையில் வாங்கிய வயிற்றுவலி மிக்சரைக் குடித்த நாலு வயதுப் பையன் ஒருவன், விழி விரிந்து நாக்கு வறண்டு பிதற்றத் தொடங்கி, மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்து பிழைத்தான். சொட்டுக் கணக்கில் விழவேண்டிய பெல்லடோனா டிஞ்சர் கரண்டிக் கணக்கில் விழுந்திருந்தது. அக்கடையின் சுவரில், பொறுப்பான மருந்தாளர் இவரே என்று ஹபிபுல்லாவின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஆனால் ஹபிபுல்லாவின் சான்றிதழ் பூந்தமல்லியில் அவருடைய சொந்தக் கடைச் சுவரிலும் தொங்கிக்கொண்டிருந்தது. கள்ளிக்குப்பத்தில் இருப்பது போலி என்பது ஜானகிராமனின் முடிவு. ஹபிபுல்லாவோ ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துப்பறிய அவனை அமர்த்தியவள் அவருடைய மகள் ஜரினா.

காலை முழுவதும் வீணாகியிருந்தது. கவுன்சில் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு ஒரு குமாஸ்தா தலை நிமிர்ந்தார்.

"ஹபிபுல்லாவோட சான்றிதழ் விவரம் வேணும்," என்றான் ஜானகிராமன்.

"எந்தச் சான்றிதழ்?"

"ஹபிபுல்லாவோடதுன்னு சொன்னேனே."

"அதான் கேக்கறேன், எந்தச் சான்றிதழ்?"

இப்படி நான்கு சுற்று நடந்தது. ஐந்தாவது சுற்றில் ஜானகிராமன் குரலை உயர்த்தினான். குமாஸ்தா எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அவர் திரும்பும்வரை காத்திருக்க நேரமில்லை. மிச்சமிருந்த ஒரே துப்பு, பையனின் தாய் நாகவல்லி.

நாகவல்லி வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பையன் அவள் முதுகில் சாய்ந்து, வந்தவர்களை வெறித்துப் பார்த்தான்.

"அந்த மருந்தா? அத்த அன்னிக்கே மருந்து இன்ஸ்பெக்டரு வந்து எடுத்துகினு பூட்டாரே," என்றாள். "அவரு கொண்டாந்த புட்டிங்கள்ல பிரிச்சு ஊத்தி, அரக்கு வச்சு, கையெழுத்து வாங்கினாரு."

"மருந்து வந்த புட்டி?"

"அதுவா? அத்த யாரும் கேக்கல. மண்ணெண்ணெய்க்கு ஆவும்னு வச்சேன். கடையில குடுக்கறப்பவே மேல சிந்தித்தான் இருந்துச்சு. இதோ, களுவத்தான் எடுத்தேன்."

சாம்பல் பூசிய கையால் அவள் நீட்டிய புட்டியை ஜானகிராமன் பறிக்காத குறையாக வாங்கினான். உள்ளே இருந்ததை அரசாங்கம் முத்திரையிட்டு எடுத்துச் சென்றிருந்தது. வெளியே இருந்தது இன்னொரு நொடி தாமதித்திருந்தால் சாம்பலோடு போயிருக்கும். புட்டியின் முதுகில் ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று காட்டுவதற்காக, இரு ஓரங்களிலும் வெட்டு வைத்து எல்லா மிக்சர்ப் புட்டிகளிலும் ஒட்டுவார்களே, அந்தப் பட்டை. அதன் மேல் ஒரு ரோஸ் நிறக் கறை மேலிருந்து கீழாக ஓடி உலர்ந்திருந்தது.

"இன்னா வாத்தியாரே, புட்டியவே மொறைக்கிறே?"

"உனக்கு என்ன தெரியுது, சொல்லு."

துலுக்கானம் புட்டியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். "செவுத்துல மொதல்ல போஸ்டரு ஒட்டி, அப்பால சுண்ணாம்பு அடிச்சா மாதிரி கீது. அடிச்சிட்டுத்தானே ஒட்டுவாங்கோ?"

"அதேதான்," என்றான் ஜானகிராமன். அன்றைய நாளில் முதல்முறையாக அவன் நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது.

மூன்று நாட்களாக அவன் ஹபிபுல்லாவின் கடையில் உட்கார்ந்து அவர் கைகளைக் கவனித்திருந்தான். அவர் முதலில் மருந்தை ஊற்றுவார். தக்கையை இறுக்கி, புட்டியைத் துணியால் துடைப்பார். பிறகு காகிதத்தைப் புட்டியோடு சேர்த்து வைத்து, மருந்து நிற்கும் உயரத்துக்கு நறுக்குவார். எத்தனை வேளையோ அத்தனை மடிப்பு மடித்து, ஓரத்தைக் கத்தரித்து, கடைசியில்தான் ஒட்டுவார். மருந்தின் உயரம் தெரியாமல் காகிதத்தின் நீளம் தெரியாது. தொழில் கற்ற எந்தக் கையும் ஊற்றிய பிறகே ஒட்டும். ஆகவே வழிந்த சொட்டு காகிதத்தில் விழ வழியே இல்லை. இந்தப் புட்டியிலோ காகிதம் ஒட்டிய பிறகு மருந்து ஊற்றப்பட்டிருந்தது. போதாததற்கு, பட்டையின் முதல் வெட்டு புட்டியின் கழுத்தருகே, மருந்து எட்டவே எட்டாத இடத்தில் நின்றது.

"இதைக் கலந்தவன் மருந்தாளரும் இல்ல, கம்பவுண்டரும் இல்ல," என்றான். "வா, கடைக்குப் போவோம்."

பக்தவத்சலம் நெற்றியில் சந்தனமும் முகத்தில் பவுடருமாகக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். விசாரணை முடியும்வரை மருந்து கலக்கக் கூடாதென்று ஆய்வாளர் எழுதிக்கொடுத்துப் போயிருந்தார். சோப்பு விற்பதற்குத் தடையில்லை. ஆகவே கடை சோப்பு வாசனையில் மணத்தது. அவருக்குப் பின்னால் சுவரில் அந்தச் சான்றிதழ். பழுப்பேறிய தாள், அரிக்கப்பட்ட மூலை, மேலே கொட்டை எழுத்தில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்ற தலைப்பு, கீழே ஹபிபுல்லாவின் பெயரும் 1953ஆம் ஆண்டுத் தேதியும். டீத்தண்ணீரில் ஊறவைத்தால் தாள் இப்படித்தான் பழுக்கும் என்று ஜானகிராமன் தனக்குள் எண்ணிக்கொண்டான். போலி செய்தவன் கெட்டிக்காரன்.

"நான் வியாபாரி சார்," என்றார் பக்தவத்சலம். "மருந்து கலக்கறது என் வேல இல்ல. அதெல்லாம் அந்தம்மா வேல."

"எந்த அம்மா?"

"வேம்புலியம்மா. செந்நீர்குப்பத்துலேந்து வரும். பாய்தான் அனுப்பிச்சாரு. சர்டிபிகேட்டும் அவரு குடுத்ததுதான். அந்தம்மா காலைலேந்து போலீஸ் ஸ்டேஷன்ல குந்திகினு கீது. என்னை ஏன் கேக்கறீங்கோ, அத்தப் போயி கேளுங்கோ."

புதிய பெயர். ஹபிபுல்லா சொல்லாத பெயர். ஜானகிராமனுக்கு எரிச்சல் பொங்கியது. ஆனால் அதைக் காட்ட நேரமில்லாதபடி, துலுக்கானம் மேசைக்குக் கீழே குனிந்து எதையோ பார்த்துச் சீட்டியடித்தான்.

"இன்னா மொதலாளி, மருந்து வர்றதுக்கு முன்னாலயே புட்டிங்க எல்லாம் சட்ட போட்டுகினு நிக்குது?"

கீழ்த்தட்டில் இரண்டு டஜன் காலிப் புட்டிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரே நீளத்தில் வெட்டிய காகிதப் பட்டை.

"அதுவா?" பக்தவத்சலத்தின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. "மத்தியானத்துல கடையில ஆள் இருக்காது. சும்மா குந்தாம நானே வெட்டி ஒட்டி வச்சிடுவேன். அப்பால ஊத்திக் குடுத்தா ஆச்சு. வேல சுளுவு."

"யோசனை உங்களோடதா?"

"பின்ன யாரோடது? முப்பது வருசமா இந்தத் தொழில்ல கீறாங்களே, ஒருத்தருக்காவது தோணிச்சா?"

"யாருக்கும் தோணலை," என்று ஜானகிராமன் ஒப்புக்கொண்டான். "ஒரு காலிப் புட்டி எனக்கு வேணும். காகிதத்தோட. பில் போட்டுக் குடுங்க."

பக்தவத்சலம் தயங்கினார்.

"சோப்புக்கு மட்டுந்தான் பில்லு போடுவியா மொதலாளி?" என்றான் துலுக்கானம். "மருந்தா கேட்டோம்? காத்துதான கேக்கறோம்."

வியாபாரியின் கை பழக்கத்தில் பில் புத்தகத்துக்குப் போயிற்று. 'காலிப் புட்டி ஒன்று, பட்டை ஒட்டியது' என்று எழுதி, தேதியிட்டு, கையெழுத்தும் போட்டுக்கொடுத்தார். தன் கைப்பட எழுதிய வாக்குமூலத்தைத் தானே கிழித்து நீட்டுகிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

திருவேற்காட்டு வழியாகப் பூந்தமல்லி போய்ச் சேர ஐந்து மணியாயிற்று. வழியில் ஸ்கூட்டர் இருமுறைதான் நின்றது. அதைத் துலுக்கானம் நல்ல சகுனம் என்றான்.

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்த ஜரினா, கடையின் உள்ளே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். நோட்டுப் புத்தகக் கட்டு மடியிலேயே இருந்தது. ஹபிபுல்லா மருந்து அரைக்கும் கல்வத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜானகிராமன் இரண்டு புட்டிகளையும் மேசைமேல் வைத்து, பில்லை அவற்றுக்கு நடுவே விரித்தான். சொட்டையும் காகிதத்தையும் பற்றி அவன் சொல்லி முடிப்பதற்குள் ஜரினாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

"அப்ப அத்தா மேல தப்பில்லன்னு ஆயிடுச்சு. அப்படித்தானே சார்?"

"மிக்சர் விஷயத்துல ஆயிடுச்சு. இன்னும் ஒரு முடிச்சு இருக்கு. அங்க தொங்கறது போலின்னு காட்டணும். பாய், உங்க சான்றிதழைக் கழட்டிக் குடுங்க. நாளைக்கு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா போதும்."

ஹபிபுல்லா கல்வத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை. "வேம்புலிய ஸ்டேஷன்ல உட்டாங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

"வேம்புலி அத்தையா?" ஜரினா நிமிர்ந்தாள். "நம்ம கடையில பதினோரு வருஷம் இருந்தாங்களே, அவங்களா? அவங்களுக்கும் இதுக்கும் என்ன?"

துலுக்கானம் அதற்குள் இன்னொரு முக்காலிமேல் ஏறிச் சான்றிதழைக் கழற்றியிருந்தான். கழற்றியவன் இறங்காமல் நின்றான்.

"பாய், ஆணி பழசு. செவுத்துல இருக்கற தடம் பெருசு. சட்டம் சின்னதா கீதே?"

சுவரில், பல ஆண்டுகள் வேறொரு சட்டம் மறைத்திருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. ஜானகிராமன் சான்றிதழை வாங்கினான். மூன்று நாட்களாக அதற்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். தாள் மடிப்புக் கலையாமல், புத்தம் புதிதாக இருந்தது. அதே பெயர். அதே 1953ஆம் ஆண்டுத் தேதி. மேலே கொட்டை எழுத்தில் 'தமிழ்நாடு' என்ற தலைப்பு.



"இந்த மாநிலத்துக்கு இந்தப் பேரு வந்ததே இந்தப் பொங்கலுக்குத்தான்," என்றான், யாரிடம் சொல்கிறோம் என்பதே தெரியாதவன்போல. "பதினாறு வருஷத்துக்கு முந்தின சான்றிதழுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?"

எந்தச் சான்றிதழ் என்று நான்கு முறை கேட்ட குமாஸ்தாவின் முகம் அவன் கண்முன் வந்தது. அந்த மனிதர் திமிர் பிடித்துப் பேசவில்லை. பழையதா, புதியதா என்று நியாயமாகக் கேட்டிருக்கிறார். போலி என்று அவன் சாதித்துவந்தது அசல். டீத்தண்ணீர் என்று கண்டுபிடித்தது பதினாறு வருட வெயில்.

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்து நகல் வாங்கினேன் சார்," என்றார் ஹபிபுல்லா. "மார்ச் மாசம். ரயில்ல தொலைஞ்சுதுன்னு எழுதினேன். பழச பக்தவத்சலத்துக்கிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்தேன்."

"அத்தா."

"இரும்மா. சொல்லிடறேன்."

அவர் சொன்னது நீளமாக இல்லை. வேம்புலியம்மாள் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் தொழில் பழகி, பிறகு பதினோரு வருடம் இதே மேசையில் அவருக்குச் சமமாக நின்று மருந்து கலந்தவள். ஒரு பிழை கிடையாது. பட்டம் இல்லாமலும் அனுபவத்தின் பேரில் பெயரைப் பதியலாம் என்று முன்பு ஒரு காலக்கெடு வைத்தார்கள். அதற்குப் பழைய டாக்டரின் கடிதம் வேண்டும். டாக்டர் சீமைக்குப் போய்விட்டார். கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தபோது கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சென்ற ஆண்டு வந்த ஆய்வாளர், பதிவில்லாதவள் மேசைக்கு உள்ளே நிற்கவே கூடாது என்று எழுதிவிட்டார். சுவரில் ஒரு சான்றிதழ் தொங்கினால் வேலை தருகிறேன் என்றார் பக்தவத்சலம்.

"நீங்க ஒரு பைசா வாங்கலை," என்றான் ஜானகிராமன்.

"வாங்கினா மட்டும் தப்பு கூடுதலாவா ஆயிடும்? தப்பு தப்புதான் சார்." ஹபிபுல்லா காலிப் புட்டியை எடுத்து, அதன் காகிதத்தை நகத்தால் வருடினார். "இதுக்குத்தான் சண்ட. முன்னாலயே காகிதம் ஒட்டின புட்டியில ஊத்த மாட்டேன்னா வேம்புலி. அளவு எப்படி வரும்னு கேட்டா. மூணு வாரம் முன்னாடி வெளிய வந்துட்டா. நான் போயி சான்றிதழத் திருப்பிக் கேட்டேன். தொலைஞ்சுபோன சர்டிபிகேட்ட எப்படிப் பாய் கேப்பீங்கன்னு சிரிச்சான்."

துலுக்கானம் முக்காலியிலிருந்து இறங்கினான்.

முதலில் பேசியவள் ஜரினாதான். அழுகை நின்றிருந்தது, குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. "தொலைஞ்சதாத்தானே அவங்க பதிவுல இருக்கு? அப்படியே இருக்கட்டும். தொலைஞ்சத எவனோ எடுத்து வித்துட்டான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அவ்வளவுதான் அத்தா. சார், சொல்லுங்க, நிக்குமா நிக்காதா?"

"நிக்கும்," என்றான் ஜானகிராமன். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. "நல்லா நிக்கும்."

"வேம்புலி?" என்றார் ஹபிபுல்லா.

ஜானகிராமன் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஹபிபுல்லாவுக்கு ஒன்றும் தெரியாது என்றால், சான்றிதழைத் திருடி விற்றவள் வேம்புலியம்மாள் என்றாகும். பதிவில்லாமல் மிக்சர் கலந்தவளும் அவளே. ஊற்றிய பிறகே ஒட்டுகிற கை அது, மூன்று வாரமாக அந்தக் கடையில் அந்தக் கை இல்லை என்றெல்லாம் சாட்சி சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் அதைச் சொல்ல வாய் திறந்தால், அவள் அங்கே எப்படிப் போனாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எத்தனை பெருமையோடு அந்தப் புட்டியைக் கொண்டுவந்தான். அது பக்தவத்சலத்தை மாட்டிவிடும். வேம்புலியம்மாளை வீட்டுக்கு அனுப்பும். அவனை அமர்த்தியவளின் தகப்பனாருடைய பெயரை அடித்துவிடும். ஒரு துப்பையும் விடாமல் சரியாகத்தான் துரத்தியிருக்கிறான். அது கொண்டுவந்து நிறுத்திய இடந்தான் இது.

"பாய், கொயந்தைக்கு இருமல் மருந்து," என்று ஒரு பெண் சீட்டை நீட்டினாள்.

ஹபிபுல்லா சீட்டை இருமுறை படித்தார். அளந்து ஊற்றினார். தக்கையை இறுக்கி, புட்டியைத் துடைத்தார். வழக்கத்தைவிட ஒரு தரம் கூடுதலாகத் துடைத்தார். காகிதத்தை மருந்தின் உயரத்துக்கு வைத்துப் பார்த்து நறுக்கி, ஆறாக மடித்து, ஓரத்தைக் கத்தரித்து ஒட்டினார். சொட்டு விழாத வெள்ளைக் காகிதம். "குலுக்கிட்டுக் குடும்மா," என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

பிறகு மேசைமேல் கிடந்த சான்றிதழைச் சட்டத்தோடு எடுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, மருந்துப் பொட்டலம் கட்டுவதுபோலவே நூலால் கட்டி ஜானகிராமனிடம் நீட்டினார்.

"நாளைக்கு இதையும் காட்டுங்க. புட்டிய மட்டும் காட்டினா பாதிதான் விளங்கும்."

"பாய், இதைக் காட்டினா..."

"தெரியும் சார். போற வழியில ஸ்டேஷன்ல வேம்புலிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. காலைல பத்து மணிக்கு நானே வந்து, என்ன நடந்துதுன்னு எழுதிக் குடுத்துட்டுத்தான் கவுன்சிலுக்குப் போவேன்."

ஜரினா எழுந்து, வெறும் ஆணியைப் பிடுங்கப் போனாள். வேறு எதன்மேல் கோபத்தைக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உட்டுடும்மா," என்றார் ஹபிபுல்லா. "குடை மாட்ட ஆவும்."

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்தன. ஜானகிராமன் ஸ்கூட்டரை ஏழு முறை உதைத்தான். எட்டாவது உதையில் இருந்த வேகம் வண்டிக்கானது அல்ல. துலுக்கானம் அவன் தோளைத் தொட்டு விலக்கி, கைப்பிடியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான்.

"நான் தள்ளிகினு வரேன் வாத்தியாரே," என்றான். "நீ பாய் குடுத்த கண்ணாடிய பத்திரமா புடி."